முதல் குடம் தண்ணீர்

மின்னணுவியல் – தொடர்பியல் படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கையரே,

உங்கள் கல்லூரி எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அதன் நுண்ணலை ஆய்வகம் எப்படியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். நீளமான மேசை. அதன்மேல் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும் செவ்வகக் குழாய், உள்வாய் 22.86 மில்லிமீட்டருக்கு 10.16 மில்லிமீட்டர். ஒரு முனையில் கிளைஸ்ட்ரான், அதன் முகத்துக்கு நேரே குட்டி மின்விசிறி. நடுவில் அட்டெனுவேட்டர், ஃப்ரீக்வென்சி மீட்டர். கடைசியில் டிடெக்டர், முள் ஆடிக்கொண்டே இருக்கும் வி.எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். ஃபிளாஞ்சில் நான்கு திருகு போட வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும். ஒரு பேட்சுக்கு ஆறு பேர். ஒருவர் குமிழைத் திருப்புவார், ஒருவர் எழுதுவார், மற்ற நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். ரீடிங் வராவிட்டாலும் பயமில்லை. சீனியர்களின் ரெக்கார்டு நோட்டிலிருந்து வாழையடி வாழையாக வந்த எண்கள் கைவசம் இருக்கும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு கிளைஸ்ட்ரான் மூன்று ஆண்டு செத்துக் கிடந்தது. அந்த மூன்று ஆண்டும் அதே மேசையில் எடுத்ததாகச் சொல்லி அழகழகான வளைகோடுகள் ரெக்கார்டில் வந்துகொண்டுதான் இருந்தன. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ‘இதெல்லாம் ப்ளேஸ்மென்ட்டுக்கு உதவாத பாடம் சார்’ என்று வைவாவில் ஒரு பையன் முகத்துக்கு நேரே சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. பதிலும் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

‘செயற்கைச் சூரியன்’ பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். பத்துக் கோடி டிகிரி, ஆயிரம் விநாடி என்று தலைப்புப் போடுவார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று சொல்வார்கள். எப்படிப் பற்றவைத்தார்கள் என்பது மட்டும் செய்தியில் வராது. இந்த அணுக்கரு இணைவு உலையைச் சிறிதாகக் கட்ட நினைப்பவர்களுக்கோ, விடிந்தால் எழுந்தால் அந்தக் கேள்விதான்.

டோக்காமாக் என்பது உளுந்து வடை வடிவில் உள்ள வெற்றிடக் கலம். உள்ளே ஹைட்ரஜன் வகை வாயுவைப் பிளாஸ்மா ஆக்கிக் காந்தப் புலத்தால் கட்டி வைக்கிறார்கள். வடையைச் சுற்றி வளையமாக ஓடும் புலம் மட்டும் போதாது. அதில் பிளாஸ்மா நழுவி ஓடிவிடும். புலக்கோடுகள் முறுக்கிய கயிறுபோல இருக்க வேண்டும். அந்த முறுக்கைக் கொடுப்பது பிளாஸ்மாவுக்குள்ளேயே ஓடும் மின்னோட்டம். பிளாஸ்மா நிற்க மின்னோட்டம் வேண்டும். மின்னோட்டம் ஓடப் பிளாஸ்மா நிற்க வேண்டும்.

கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஃபுட்வால்வு கசிந்து குழாயில் காற்றுப் பிடித்துவிட்டால் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சொட்டுத் தண்ணீர் வராது. மூடியைத் திறந்து, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, குழாய் நிறைந்தபிறகு போட்டால் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் எடுக்கத் தண்ணீர் வேண்டும்.

வழக்கமான டோக்காமாக்கில் அந்த முதல் குடத்தை ஊற்றுவது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வடையின் ஓட்டையில் நிற்கும் நடுச்சுருள் பிரைமரி, பிளாஸ்மா வளையமே செகண்டரி. பிரான்ஸில் கட்டப்படும் ஈட்டர் உலையின் நடுச்சுருள் 18 மீட்டர் உயரம், 1,000 டன் எடை. அங்கே பிளாஸ்மாவில் ஓட்டத் திட்டமிட்டிருப்பது 1.5 கோடி ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மரின் குறை உங்களுக்கே தெரியும்: பிரைமரியில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருந்தால்தான் செகண்டரியில் வோல்டேஜ். ஒரு திசையில் மாற்றிக்கொண்டே போனால் ஓர் எல்லையில் முட்டும். முட்டியதும் கையிருப்பு தீர்ந்தது.

இனி வடையைக் குண்டாக்குங்கள். மாவு தட்டத் தெரியாதவர் போட்ட வடைபோல, ஓட்டை விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கட்டும். அதற்குப் பெயர் கோள டோக்காமாக். 1986-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பெங், டென்னிஸ் ஸ்ட்ரிக்லர் இருவரும் இந்த வடிவத்தின் சிறப்புகளை எழுதினார்கள். 1991-ல் இங்கிலாந்தின் கல்ஹாமில் ‘ஸ்டார்ட்’ என்ற சிறு கருவி ஓடத் தொடங்கியது. கொடுக்கும் காந்த அழுத்தத்தில் எத்தனை சதவீதம் பிளாஸ்மா அழுத்தத்தைத் தாங்குகிறது என்ற கணக்கில் அது 40 சதவீதத்தைத் தொட்டது. வழக்கமான டோக்காமாக்குகளில் இது சில சதவீதம்தான். அதே காந்தத்துக்கு அதிகப் பிளாஸ்மா என்றால் சின்ன உலை, குறைந்த செலவு. குட்டி உலைகள்மேல் இத்தனை பேருக்கு ஆசை வந்தது இதனால்தான்.

ஆனால் ஓட்டை சுருங்கியதும் நடுச்சுருளுக்கு இடம் போனது. மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்தில் வளையப் புலத்துக்கான கடத்தியே நெருக்கியடித்து நிற்கிறது. நிஜ உலையில் நியூட்ரான்கள் பொழியும். சுருளையும் அதன் காப்பையும் காப்பாற்றத் தடித்த கவசம் வேண்டும். கவசத்துக்கு எங்கே போவது? ஸ்டார்ட் கருவியில் கலத்துக்குள்ளேயே சுருள்களை வைத்து, அவற்றைச் சுற்றிப் பிளாஸ்மா வளையம் உண்டாக்கி, நடுவுக்கு அமுக்கினார்கள். ஆய்வுக்கு நல்ல தந்திரம். நியூட்ரான் பொழியும் இடத்தில் அப்படிச் சுருளைத் தொங்கவிட முடியாது.

ஆக டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் முதல் குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கேதான் உங்கள் மேசை வருகிறது.

ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். ஒரு டெஸ்லா காந்தப் புலத்தில் எலக்ட்ரான் விநாடிக்கு 2,800 கோடி முறை சுற்றும். அதே தாளத்தில் நுண்ணலையைச் செலுத்தினால் எலக்ட்ரான் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் வாங்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸுக்குத் தேவை 0.0875 டெஸ்லாதான். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ‘லேட்’ என்ற கருவி இந்த அடுப்பு அலையை வைத்தே வேலையைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள உருளை. நடுவே மெலிந்த தூண். டிரான்ஸ்ஃபார்மர் சுருள் கிடையாது. வாயுவைக் கொஞ்சம் விட்டு நுண்ணலையைப் பாய்ச்சினால் பிளாஸ்மா பற்றிக்கொள்கிறது. அதில் பல கிலோ ஆம்பியர் மின்னோட்டமும் ஓடுகிறது.

சூடாக்கினால் சூடுதானே வரும், ஒரு திசையில் மின்னோட்டம் எப்படி வரும் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டால்தான் நீங்கள் என் மாணவர்கள்.

வளைந்த காந்தப் புலத்தில் ஓடும் எலக்ட்ரானுக்கு ஒரு குணம் உண்டு. கோட்டோடு ஓடிக்கொண்டே மெல்ல ஒரு பக்கமாக, மேலோ கீழோ, நழுவும். மேலே என்றே வைத்துக்கொள்வோம். வேகம் கூடினால் நழுவலும் கூடும். எந்தத் திசையில் ஓடினாலும் நழுவும் பக்கம் ஒன்றுதான். இப்போது வளையப் புலத்தோடு சின்ன அளவில் செங்குத்துப் புலத்தைக் கலக்கிறார்கள். புலக்கோடு திருகின் மரைபோலச் சாய்ந்து ஏறி, கலத்தின் மேல் கீழ்ச் சுவர்களில் முடிகிறது. ஒரு திசையில் ஓடும் எலக்ட்ரானைக் கோடும் மேலே ஏற்றும், நழுவலும் மேலே ஏற்றும். அது சுவரில் முட்டி ஒழியும். எதிர்த்திசையில் ஓடுவதைக் கோடு கீழே இறக்கும், நழுவல் மேலே ஏற்றும். இரண்டும் கழிந்து அது உள்ளேயே தங்கிவிடும். இரண்டு திசையிலும் சமமாகப் புறப்பட்டவற்றில் ஒரு திசைக்காரர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். மின்னோட்டம் வந்துவிட்டது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அந்தச் சிறு மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. வடையின் உட்பக்கத்தில் அது செங்குத்துப் புலத்துக்கு எதிர்த்திசை. மின்னோட்டம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் அங்கே செங்குத்துப் புலத்தை அது மிஞ்சிவிடும். அந்தக் கணத்தில் சுவரில் முடிந்துகொண்டிருந்த கோடுகள் வளைந்து தம்மைத் தாமே சுற்றி மூடிக்கொள்கின்றன. மூடியதும் எலக்ட்ரான்கள் நன்றாகத் தங்கும். மின்னோட்டம் தாவி ஏறும். குழாய் நிறைந்துவிட்டது, மோட்டார் தண்ணீர் எடுத்துவிட்டது.

அடுத்த சிக்கலும் உங்கள் பாடத்திட்டத்தில் இருப்பதுதான். உங்கள் மேசைக் குழாயில் 6.56 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே அலை போகாது என்று பரீட்சையில் எழுதுகிறீர்களே, அந்தக் கட்-ஆஃப் பிளாஸ்மாவுக்கும் உண்டு. எலக்ட்ரான் கூட்டம் நெருங்க நெருங்க அலை நுழைய முடியாமல் திரும்பி வரும். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் கன சென்டிமீட்டரில் சுமார் 7,400 கோடி எலக்ட்ரான்தான் எல்லை. எண் பெரிதாகத் தெரியும். நாம் மூச்சுவிடும் காற்றில் அதே இடத்தில் உள்ள மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால் இது முப்பது கோடியில் ஒரு பங்கு. 28 கிகாஹெர்ட்ஸில் இந்த எல்லை 130 மடங்கு உயரும். கோள டோக்காமாக்கில் காந்தப் புலம் குறைவு, அதனால் தாளம் பொருந்தும் அதிர்வெண்ணும் குறைவு, பிளாஸ்மாவோ நெருக்கமானது. சாவி சிறியது, பூட்டு பெரியது.

இதற்கு ஒரு குறுக்கு வழி பெர்ன்ஸ்டீன் அலை. அதற்கு அடர்த்தி எல்லையே இல்லை. எத்தனை நெருக்கமான பிளாஸ்மாவிலும் புகுந்து போகும். ஒரே ஒரு குறை, பிளாஸ்மாவுக்கு வெளியே அது இருக்கவே முடியாது. ஆன்டெனாவிலிருந்து அனுப்ப முடியாத அலை. சாதாரண நுண்ணலையை உள்ளே அனுப்பி, அங்கே அதை உருமாற்ற வேண்டும்.

கல்ஹாமில் ஸ்டார்ட்டுக்குப் பின் வந்த மாஸ்ட் கருவியில் விளாதிமிர் ஷெவ்சென்கோவும் அவருடைய குழுவும் இதைச் செய்த விதத்தைப் பாருங்கள். நடுத்தூணில் பதித்த கிராஃபைட் ஓடு ஒன்றில் மெல்லிய வரிப்பள்ளங்களை வெட்டினார்கள். வெளிப்பக்கத்திலிருந்து 28 கிகாஹெர்ட்ஸ் கற்றையைச் சாய்வாக அனுப்பினார்கள். ஆரம்பத்தில் பிளாஸ்மா மெலிந்திருப்பதால் கற்றை அதை ஊடுருவித் தூணுக்குப் போய்விடும். அங்கே அந்த வரி ஓடு கண்ணாடியாக இருந்து அலையைத் திருப்பி அனுப்புகிறது. திருப்பும்போதே அதன் முனைவாக்கத்தையும் மாற்றிவிடுகிறது. திரும்பும் அலை உள்ளிருந்து வெளியே வரும் வழியில் பெர்ன்ஸ்டீன் அலையாக உருமாறி எலக்ட்ரான்களிடம் ஆற்றலைக் கொட்டுகிறது. முனைவாக்கம் என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதி மறந்தீர்களே, அதை ஒரு கரி ஓட்டின் வரிகள் செய்தன. 100 கிலோவாட்டுக்கு மிகாத நுண்ணலையைக் கொண்டு 73 கிலோ ஆம்பியர் வரை அங்கே ஏற்றினார்கள். வாட்டுக்கு ஏறக்குறைய ஓர் ஆம்பியர். இப்போது மேம்படுத்தப்பட்ட மாஸ்ட் கருவிக்கு மொத்தம் 1.8 மெகாவாட் தரும், கைரோட்ரான் என்ற நுண்ணலைக் குழல்கள் இரண்டைத் திட்டமிட்டிருக்கிறார்கள். 28, 34.8 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அதிர்வெண்ணில் வேலை செய்பவை.

ஆன்டெனா பாடத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டி.எஸ்.டி.-2 கருவியைச் சொல்வேன். அங்கே எடுத்துக்கொண்டது 200 மெகாஹெர்ட்ஸ், உங்கள் டி.வி. அலை வரிசைக்குப் பக்கத்துவீடு. சுற்றும் தாளத்தை அங்கே பிடிக்கவில்லை. காந்தக் கோட்டோடு ஓடும் எலக்ட்ரானை அலை முதுகில் ஏற்றித் தள்ளுகிறார்கள். இப்படி ஒரு திசை அலையால் டோக்காமாக்கில் மின்னோட்டத்தை ஓட்டலாம் என்று 1978-ல் நதானியல் ஃபிஷ் எழுதிக் காட்டினார். அலை ஒரே திசையில் போக, வரிசையாக வைத்த ஆன்டெனாத் துண்டுகளுக்கு அடுத்தடுத்துக் கட்ட வேறுபாடு வேண்டும். துண்டுக்கு ஒரு கேபிள் என்று போனால் இடம் பிடிக்காது. யூயிச்சி தக்காசே குழுவினர் முதல் துண்டுக்கு மட்டும் மின்திறன் கொடுத்தார்கள். அது பக்கத்துத் துண்டுக்கும், அது அதற்கடுத்ததற்கும் பந்தி பரிமாறுவதுபோல் கைமாற்றிக் கொடுத்தது. மின்தேக்க இணைப்பு, ஃபில்டர் வடிவமைப்பு, எல்லாம் உங்கள் நான்காம் செமஸ்டர். சுமார் 25 கிலோ ஆம்பியர் வரை போனார்கள்.

எல்லாம் ஜெயம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் குவெஸ்ட் என்ற கோள டோக்காமாக் 2008-லிருந்து ஓடுகிறது. அதற்கு முன் அங்கேயிருந்த ட்ரையம்-1எம் கருவி 2003-ல் அலையால் மட்டுமே மின்னோட்டத்தை ஓட்டி 5 மணி 16 நிமிடம் பிளாஸ்மாவை நிலைநிறுத்திக் காட்டியது. குவெஸ்டில் 28 கிகாஹெர்ட்ஸ் அலையால் 60 கிலோ ஆம்பியருக்கும் மேல் தொடங்கினார்கள். ஆனால் இப்படித் தொடங்கும் மின்னோட்டத்தைச் சுமப்பது பெரும்பாலும் மிக வேகமான கொஞ்சம் எலக்ட்ரான்கள். ஊர்க்கூட்டம் குளிரில் உட்கார்ந்திருக்க, நாலு பேர் மட்டும் தலைதெறிக்க ஓடுவதுபோல. அந்த நாலு பேர் சுவரில் மோதினால் எக்ஸ்-கதிர் தெறிக்கும், சுவரும் சுடும். ஆம்பியர் மீட்டரில் எண் ஏறியதா என்பதோடு, யார் சுமந்து ஏறியது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஊர்க்கூட்டத்தையே சூடாக்கி ஓடவைப்பது எப்படி என்பதுதான் இப்போதைய வேலை. தவிர, உலைக்கு வேண்டியது பல மில்லியன் ஆம்பியர். கையிலிருப்பது சில பத்து கிலோ ஆம்பியர். முதல் குடம் ஊற்றியாயிற்று, தொட்டி இன்னும் நிறையவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உள்ள பெகசஸ்-III கருவியில் நடுச்சுருளை அறவே எடுத்துவிட்டு, மின்னோட்டத்தை ஓரத்திலிருந்து நேரடியாக உள்ளே செலுத்துவது, நுண்ணலை என்று பல வழிகளை ஒரே கூரையின்கீழ் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், ஓரத்தில் தொடங்கி அலையால் ஏற்றும் கூட்டணிக்குத்தான் நான் கட்டுவேன். அது என் ஊகம் மட்டும்தான்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. குஜராத்தின் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.எஸ்.டி.-1 டோக்காமாக் 2013-ல் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. அது குட்டிக் கருவி அல்ல, டிரான்ஸ்ஃபார்மர் சுருளும் உண்டு. ஆனால் மீகடத்திக் காந்தங்கள் இருப்பதால் பெரிய வோல்டேஜ் கொடுத்துப் பற்றவைக்க முடியாது. 42 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைதான் கைகொடுத்தது. 42-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.5 டெஸ்லா, அந்தக் கருவியை ஓட்டிய புலங்களில் அதுவும் ஒன்று. மனப்பாடம் செய்யச் சொன்ன எண் எதற்கென்று இப்போது புரியும். அந்த அதிர்வெண்ணுக்கான கைரோட்ரானை உள்நாட்டிலேயே செய்துபார்க்க ராஜஸ்தானின் பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனம் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து உழைத்தது. ஈட்டருக்கு முதலில் திட்டமிட்ட 24 கைரோட்ரான்களில் இரண்டு இந்தியாவின் பங்கு.

கைரோட்ரான் என்றதும் மிரள வேண்டாம். உங்கள் கிளைஸ்ட்ரானுக்கு அது தூரத்து உறவு. அதிலும் எலக்ட்ரான் கற்றைதான், அதிலும் குழிவறைதான். ஆனால் கற்றை மீகடத்திக் காந்தத்துக்குள் சுழன்றுகொண்டே போகும். 1964-ல் சோவியத் நாட்டின் கோர்க்கி நகரில் பிறந்தது. ஈட்டருக்கான குழல் ஒவ்வொன்றும் 170 கிகாஹெர்ட்ஸில் ஒரு மெகாவாட் தரவேண்டியது. அவ்வளவு திறனைக் கண்ணாடிச் சன்னல் தாங்காது என்பதால் ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தட்டைச் சன்னலாக வைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2040-ஐ இலக்காக வைத்து வெஸ்ட் பர்ட்டனில் எழுப்பத் திட்டமிட்டுள்ள ஸ்டெப் என்ற கோள டோக்காமாக் மின்நிலையமும் பிளாஸ்மாவைச் சூடாக்கவும் மின்னோட்டத்தை ஓட்டவும் நுண்ணலையையே நம்பியிருக்கிறது. அதற்குள் இந்தத் துறைக்குப் புது ஆட்கள் வேண்டும். பிளாஸ்மா இயற்பியல் படித்தவர்கள் மட்டும் போதமாட்டார்கள். முனைவாக்கம் பொருந்தாமல் எங்கே திறன் வீணாகிறது என்று அலைவழிப் பாதையைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கும் கைகள் வேண்டும். அந்தக் கை பழகுவது உங்கள் மேசையில்தான்.

வைவாவில் அன்று அப்படிச் சொன்ன அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வாரம் ஆய்வகம் வரும்போது சீனியர் நோட்டைப் பைக்குள்ளேயே வையுங்கள். குமிழைத் திருப்புகிறவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். உங்கள் முறையைக் கேட்டு வாங்குங்கள். ரிப்பெல்லர் வோல்டேஜை மெதுவாக மாற்றி, முள் எழும்பி விழுவதை நீங்களே பாருங்கள். கிளைஸ்ட்ரான் செத்துக் கிடந்தால் துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். என்னைப்போல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பீம் வோல்டேஜைக் கூட்டுவதற்கு முன் மின்விசிறியைப் போட மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்திட்டவர்களில் ஒருவன்